விராலுக்குத் தவளைமேல் என்ன கோபம்?

மீனும் தவளையும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆம்பல் பூத்த ஒரு குளத்தில் விரால் ஒன்று தன் மனைவியோடு குடியிருந்தது. அதே குளத்துக் கரையில் ஒரு தவளையும் இருந்தது. அந்தத் தவளையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று கேளுங்கள்.

மழை பெய்து குளம் நிறைந்ததும் விராலுக்குக் குஞ்சுகள் பொரித்தன. செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாக அவை மூச்சுவிட மேலே வரும்போது, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் உலை கொதிப்பதுபோலத் துள்ளும். அப்பனும் ஆத்தாளும் இரை தேடக்கூடப் போகாமல் அடியிலேயே காவல் கிடந்தன.

அதே மழையில் தவளைக்கும் பிள்ளைகள் பிறந்தன. அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வரப்பில் ஏறி உட்கார்ந்து பாடத் தொடங்கிவிட்டது.

"மச்சான், எம்புள்ளைங்களையும் ஒரு பார்வை பாத்துக்கிடுங்க. பாட்டை விட்டுட்டு என்னால வர முடியாது" என்று அங்கிருந்தே சொன்னது.

"பாத்துக்கிடுதேன் மாப்ளே. நீரு நிம்மதியாப் பாடும்" என்றது விரால். தலைப்பிரட்டைகளும் விரால் குஞ்சுகளோடு சேர்ந்து வளர்ந்தன. தண்ணீர்ப்பாம்பு வந்தால் தவளைப் பிள்ளைகளுக்காகவும் விரால்தான் முட்டி மோதியது.

அந்தக் குளத்தில் சுடலையாண்டி என்று ஒருவன் தூண்டில் போடுவான். தக்கையைக் கட்டி மண்புழுவைக் குத்திப் போட்டால் கெண்டையும் கெளுத்தியும் மாட்டும். விரால் மட்டும் மாட்டவே மாட்டாது. ஒருநாள் அவன் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டை நிறைய நெளிந்த புழுக்களைத் தவளை பார்த்துவிட்டது.

"அண்ணாச்சி, அந்தச் சிரட்டைய எனக்குத் தாங்க. விரால் பிடிக்க வழி சொல்லுதேன்."

"சொல்லும்வே."

சொன்னது. நாக்கூசாமல் சொன்னது. "தக்கையக் கழத்துங்க. அடியில தொங்குற புழுவுக்கு விரால் மசியாது. மெல்லிசு நூலு ஆம்பக் கொடியில சிக்கி அறுந்துரும், முறுக்கின கயிறாப் போடுங்க. தண்ணி செவப்பாத் துள்ளுதுல்லா, அங்கதான் அதுக ரெண்டும் கெடக்கு. புள்ளைகள விட்டுட்டு எங்கயும் போகாது. இரைய இலைமேல தத்த விடுங்க, நிறுத்துங்க, மறுபடி தத்த விடுங்க. கவ்வின ஒடனே வெடுக்குன்னு இழுக்காதீங்க. அது திரும்பி ஓடும், கயிறு வெறைக்கும். அப்ப இழுக்கணும்."

கேட்டீர்களா? ஒரு சிரட்டைப் புழுவுக்காக!

"தத்த விடுறதுன்னா எப்படிவே?" என்றான் சுடலையாண்டி.

தவளைக்குத் தன் தத்தல்மேல் ஏகப்பட்ட பெருமை. "இந்தா, நானே காட்டுதேன்" என்றது. அவன் அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, பக்கத்திலேயே தூண்டில் முள்ளையும் முடிந்தான். புழு நினைப்பில் தவளை இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஆம்பல் இலைமேல் தத்தியது, நின்றது, மறுபடி தத்தியது. குஞ்சுகள் துள்ளும் இடத்துக்கே போய்விட்டது.

வேறு யார் வந்திருந்தாலும் விரால் பாய்ந்திருக்கும். வந்தது மாப்பிள்ளை அல்லவா? இடுப்பில் வேறு கயிறு தெரிந்தது.

"அடியே, மாப்ளைய மனுசன் கட்டிப்போட்டுட்டான்!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மேலே வந்தது. "அசையாம இரும் மாப்ளே. கயித்தக் கடிச்சு விடுதேன்."

இந்த இடத்திலாவது அந்தப் பாவி வாயைத் திறந்திருக்கலாம். 'முள் இருக்கு மச்சான்' என்றால் போதும். மழைக்காலம் முழுக்க ஊரைத் தூங்கவிடாத தொண்டை, அன்றைக்கு ஊமையாகிவிட்டது. விரால் கயிற்றைக் கவ்வ, முள் தாடையில் ஏறியது. வலியில் திரும்பி ஓடியது. கயிறு விறைத்தது. சொல்லிக்கொடுத்தபடியே சுடலையாண்டி அப்போதுதான் இழுத்தான்.

புருஷன் கரையில் துடிப்பதைப் பெண் விரால் பார்த்தது. அதற்குப் பக்கத்திலேயே தவளை சிரட்டைக்குள் தலையை விட்டிருப்பதையும் பார்த்தது.

"நல்ல வழிதான்வே. இன்னொரு தடவை தத்தும்" என்று சுடலையாண்டி தவளையை மறுபடி இலைமேல் வீசினான்.

"தங்கச்சி, நான் ஒண்ணும்..." என்று தவளை இழுத்தது.

"யாருல ஒனக்குத் தங்கச்சி? ஒம்புள்ளையும் இங்கதானல கெடக்கு!" என்று பெண் விரால் எழும்பிப் பாய்ந்தது. அதற்குப் பசியே இல்லை. அடித்த அடியில் இலை கிழிந்தது, கயிறு அறுந்தது. தவளை என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் விசாரிக்கவில்லை.

தலைப்பிரட்டைகளைப் பெண் விரால் விரட்டவில்லை. கால் முளைக்கும்வரை தன் குஞ்சுகளோடு சேர்த்தே தனியாகக் காவல் காத்தது. கால் முளைத்ததும், "கரைக்குப் போயிருங்க. இனிமே இந்தப் பக்கம் தத்திக்கிட்டு வந்தா, யாரு புள்ளைன்னு நான் பாக்க மாட்டேன்" என்றது.

அன்றைக்குத் தொடங்கியதுதான். ஆம்பல் இலைமேல் எது தத்தினாலும், வயிறு நிறைந்திருந்தாலும், விரால் பாய்கிறது. தூண்டில்காரர்கள் இன்றைக்கும் குஞ்சுகள் துள்ளுகிற இடமாகப் பார்த்து ரப்பர் தவளையை வீசி, நிறுத்தி நிறுத்தித் தத்த விடுகிறார்கள். பெற்ற பிள்ளைகளுக்காக அது மேலே வருகிறது. பிடித்துத் தூக்கிக் காட்டுகிறவர்கள், நல்ல பசியில் இருந்திருக்கிறது என்கிறார்கள்.