சுரைக்கு என்ன கிடைத்தது?

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஏகாம்பரம் அன்று ஓட்டமும் நடையுமாக வந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"குருவே! வந்து பாருங்க! கொடி அடங்கவே மாட்டேங்குது!"

நாற்றுக்கூடத்தில் இருந்த செண்பகவல்லிக்கு அவர் மகள் வயசுதான். ஆனாலும் செடி ஒட்டுக்கட்டச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து அவருக்கு அவள் குரு.

இரண்டு வருஷமாக அவர் நிலத்தில் தர்பூசணி வேரழுகி வாடிப்போனது. இந்தத் தடவையும் போனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட வேண்டியதுதான் என்று மனைவி விசாலம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் சுரை வேரில் தர்பூசணித் தளிரை ஒட்டி நட்டிருந்தார். சுரை வேர் அந்த மண்ணுக்குப் பயப்படாது. ஆழத்துக்குப் போய்ச் சத்தை இழுத்துக்கொண்டு வரும்.

வயலில் செண்பகவல்லி ஒரு செடியைக் குனிந்து பார்த்தாள். தர்பூசணி முழநீளம்கூட இல்லை. ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பிய சுரைக்கொடிதான் வட்ட இலையும் வெள்ளைப் பூவுமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, இதைக் கிள்ளச் சொன்னேனே?"

"சொன்னீங்க. மனசு வரலை. பாவம், பாடெல்லாம் அது படுது. ஒரு காய் காய்ச்சுட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

"எல்லாச் செடியிலுமா?"

"ஒண்ணுக்குக் கொடுத்து ஒண்ணுக்குக் கொடுக்காம இருக்க முடியுங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளேடை நீட்டினாள்.

"எல்லாத்தையும் எடுங்க. இன்னிக்கே."

"அப்ப சுரைக்கு என்னதான் கிடைக்கும்?"

"முதல் பழம் அறுக்கிற அன்னைக்குக் கேளுங்க."

பொழுது சாயும்வரை அவரும் விசாலமும் நிமிராமல் எடுத்தார்கள். பத்தே நாளில் தர்பூசணி பிடித்துக்கொண்டது. ஒரு செடிகூட வாடவில்லை.

முதல் பழம் அறுக்கிற நாளும் வந்தது. கத்தி பட்டதுதான் தாமதம், படீரென்று பிளந்தது. உள்ளே குங்குமச் சிவப்பு.

"ஆத்தாடி!" என்று கைகொட்டினாள் விசாலம்.

"தரிசாப் போடச் சொன்னியே!"

"நான் எப்பங்க சொன்னேன்?"

சிரித்துக்கொண்டே ஏகாம்பரம் குருவுக்கு ஒரு துண்டு கொடுத்தார்; தனக்கு ஒன்று எடுத்தார்.

"இப்பச் சொல்லுங்க குருவே. சுரைக்கு என்ன கிடைச்சுது?"

"திருவண்ணாமலை தீபத்துக்கு எத்தனை வருஷம் பஸ் ஓட்டினீங்க?"

"இருபத்தாறு வருஷம்."

"ஒரு தடவையாவது மலை ஏறினீங்களா?"

"ஏது? வண்டியை விட்டு இறங்க முடியுங்களா? ஆனா தீபம் ஏத்தினதும் சனமெல்லாம் 'அரோகரா'ன்னு ஒரு குரல் விடும் பாருங்க! சீட்டுல இருக்கிற எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போகும். நான் கொண்டுவந்து சேர்த்த சனமாச்சேன்னு…"

அப்படியே நிறுத்தினார். கையில் பழம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்வை கொடியின் அடியில், ஒட்டுப்போட்ட தழும்பில் நின்றது.

"சாப்பிடுங்க ஐயா" என்றாள் குரு.