மூக்குக்குச் சுற்றிப் போட்ட கதை

"ரசத்தில பெருங்காயம் ஒரு சிட்டிகை தூக்கல். கறிவேப்பிலை நேத்துப் பறிச்சது. பருப்பைக் கிண்டின கரண்டியாலேயே பொரியலையும் கிண்டியிருக்கே!"

இலையில் உட்காரக்கூட இல்லை. தெருமுனையில் வரும்போதே தீத்தாரப்பன் ஆரம்பித்துவிட்டான். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கு அப்படியொரு மூக்கு. நாயும் காக்காயும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றோடுகூடப் பேசி ஜெயித்துவிடலாம், தீத்தாரப்பனோடு முடியாது என்பது அவன் பெண்டாட்டி அம்சவல்லியின் அனுபவம்.

"கரண்டியைக் கழுவித்தான் போட்டேன்."

"கழுவினே. தேய்க்கலை."

அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். நகை இல்லை, பட்டு இல்லை. போட்டதை ஒருவேளையாவது இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் சாப்பிட வேண்டும். வாயைத் திறக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பவர்கள் சமைத்துப் பழக்கமில்லாதவர்கள்.

கொல்லைப்புறம் போய்ப் பாத்திரத்தை 'டங்'கென்று போட்டாள். அங்கே எச்சில் இலைக்காக நாய் உட்கார்ந்திருந்தது. அதற்கு அப்போது மோப்பம் என்பதே கிடையாது. கருவாடு என்று நினைத்துச் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடி, பாதி தின்ற பிறகுதான் யோசிக்கும்.

"தாயி, அவ்வளவு பெரிய மூக்கை வெச்சுக்கிட்டு ஐயா என்ன பண்றார்? உங்களைக் குறை சொல்றார். அதுல பாதி எனக்குக் கிடைச்சா நான் பிழைச்சுக்குவேன்."

"பாதி கொடுக்க அதென்ன முருங்கைக்காயா, நறுக்கிக் கொடுக்க?"

"தும்மல்ல வந்துடும். மூணு மிளகாயை நெருப்பில போடுங்க. பாதி வெளியே வரும், நான் படியில நின்னு இழுத்துக்கறேன். ஆனா மூணுதான், தாயி."

அம்சவல்லி உள்ளே போனாள். குரலைக் குழைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஊர்க்கண்ணு பூரா உங்க மூக்கு மேலதான். கிழக்கே பார்த்து உட்காருங்க, சுத்திப் போடறேன்."

"நானே சொல்லணும்னு இருந்தேன்," என்று தீத்தாரப்பன் பெருமையோடு மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

அவள் மூன்று மிளகாயைத்தான் எடுத்தாள். சுற்றவும் செய்தாள். அவன் அந்த நேரமாவது சும்மா இருந்திருக்கலாம்.

"மிளகாய் போன வருஷத்துது போலிருக்கே?"

அவ்வளவுதான். முந்தானையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜாடியோடு தூக்கி நெருப்பில் கவிழ்த்தாள்.

தீத்தாரப்பன் தும்மினான். கூரையிலிருந்து ஓடு சரிந்தது. மூச்சு விடாமல் தும்மினான். பாதி அல்ல, மோப்பம் மொத்தமும் வெளியே பாய்ந்தது. ஒட்டிக்கொண்டு ஏதோ கொஞ்சம்தான் மிச்சம். நாய் ஒரே இழுப்பில் அத்தனையையும் இழுத்துக்கொண்டு, "ஐயோ, இத்தனை நாள் நான் தின்னது செருப்பா!" என்று அலறியது.

"நெடி வருதாங்க?"

"வரலையே. ஒண்ணுமே வரலையே!"

"பார்த்தீங்களா, எவ்வளவு பெரிய திருஷ்டி!"

பக்கத்து வீட்டுக்காரிகள் வேலியோரம் வந்து விசாரித்துவிட்டு, அவரவர் மிளகாய் ஜாடியைத் தேடிப் போனார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு வீடு பாக்கியில்லாமல் தும்மல் கேட்டது; கொல்லைக்குக் கொல்லை ஒரு நாய் இழுத்துக்கொண்டது.

கொஞ்ச நாள் சொர்க்கம். போட்டதைத் தின்றான், எழுந்தான். பிறகு ஒருநாள் சின்ன வெங்காயம் வதக்கி, எள் வறுத்துப் பொடித்து, எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். வைத்தவளுக்கே கிறங்குகிற மணம். கொல்லையில் நாய் எச்சில் ஒழுகப் புரண்டது. தீத்தாரப்பன் பிசைந்தான், விழுங்கினான், விட்டத்தைப் பார்த்தான். குறை சொன்ன மூக்குதான் நல்லதையும் சொல்லக்கூடிய மூக்கு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய் நாயிடம் திருப்பிக் கேட்டாள். பேசினால் கொடுக்க வேண்டியிருக்குமே! அது வாலை மட்டும் ஆட்டியது.

அன்று முதல்தான் மிளகாய் நெடி வராவிட்டால் பெரிய திருஷ்டி என்கிறோம். நாய் எதையும் முகர்ந்து பார்க்கிறது, பேசுவதில்லை. பக்கத்து அடுப்பில் பால் தீய்ந்தாலும் வீட்டு ஆண்பிள்ளை அசைவதில்லை. அன்று முதல்தான், கரண்டியைக் கீழே வைக்காமல், இலைக்கு எதிரே ஒருத்தி நின்றுகொண்டே இருக்கிறாள்:

"ஏங்க, குழம்பு எப்படியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."