மன்னர் சொல்லாத எண்

முன்னொரு காலத்தில், சிரிப்பை மறந்துபோன ஒரு மன்னர் இருந்தார். அரசியார் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. மன்னரைச் சிரிக்க வைக்கவென்றே அரசியார் அரண்மனைக்கு அழைத்துவந்த விகடக்காரி அரியநாச்சி, இப்போதும் தினமும் சபைக்கு வருவாள். வாய் திறக்காமலே திரும்பிப் போவாள்.

ஒரு நாள் மன்னருக்கு ஓர் ஆசை பிறந்தது. அரசியார் முன்பு வந்து உட்காரும் கல்மேடையைப் பெரிதாக்க வேண்டும். மேடை சதுரமானது, பக்கத்துக்குப் பன்னிரண்டு முழம். முழத்துக்கு முழம் சதுரமான பாவுகற்கள் பதித்தது.

"கிழக்கிலும் தெற்கிலும் ஒரே அளவு நீட்டுங்கள். மேடை சதுரமாகவே இருக்க வேண்டும். எத்தனை முழம் என்பதை நினைவு நாளன்று சொல்வேன்" என்றார்.

அமைச்சர் விழுப்பரையர் எழுந்தார். "மகாராஜா, புதிதாக எத்தனை கல் வேண்டும் என்று நானும் விகடக்காரியும் இன்றே ஓலையில் எழுதி முத்திரையிட்டுத் தருகிறோம். ஒரு கல் பிசகினாலும் அவள் நாட்டை விட்டுப் போகட்டும். யாரும் சிரிக்காத சபைக்கு விகடக்காரி எதற்கு?"

"நீங்கள் பிசகினால், ஐயா?" என்று கேட்டாள் அரியநாச்சி.

"நானா?" அவர் மன்னர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர், அவள் பக்கம் திரும்பாமலே. நாட்டை விட்டுப் போவதைவிட, அவர் திரும்பாததுதான் அவளுக்கு வலித்தது.

அமைச்சரின் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். மன்னரும் அரசியாரும் வாழ்ந்தது ஏழு ஆண்டு. எண் ஏழுதான் என்று சபையே நினைத்தது. அவளுக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் துக்கத்தில் இருக்கும் மனம் எதை எண்ணும், எதை விடும்? தன் மனமே தனக்குப் பிடிபடாதபோது இன்னொருவர் மனத்துக்குள் கையை விட்டு எண்ணை எப்படி எடுப்பது? தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத அவளுக்குக் கை வரவில்லை.

முற்றத்து மணலில் மேடையை வரைந்தாள். தெரியாத எண்ணுக்குப் பதிலாக ஒரு சோழியை வைத்தாள். கிழக்கே ஒரு பட்டை: நீளம் பன்னிரண்டு, அகலம் சோழி. தெற்கேயும் அதே போல ஒன்று. இரண்டும் ஒரே இனம். சேர்த்தால் இருபத்துநான்கு சோழி. மிஞ்சியது மூலை. அது சோழியைச் சோழியால் பெருக்கியது. வேறு இனம். பட்டைகளின் பக்கத்தில் நிற்கலாம், இருபத்துநான்கோடு கலக்காது. அப்படியே ஓலையில் எழுதினாள்.

நினைவு நாள் வந்தது. உச்சி வெயிலில் எல்லோரும் மேடையைச் சுற்றி நின்றார்கள்.

"நான்கு முழம்" என்றார் மன்னர்.

விழுப்பரையரின் முகம் வெளுத்தது.

"ஏழு ஆண்டு என்றுதான் ஊர் சொல்லும். அதில் மூன்று ஆண்டு நான் போர்முனையில் இருந்தேன். அந்த மூன்றையும் அரசி தனியாகத்தான் வாழ்ந்தாள்" என்றார் மன்னர் மெதுவாக.

அமைச்சரின் ஓலையைப் பிரித்தார்கள். நாற்பத்தொன்பது என்றிருந்தது.

"ஏழுக்கு ஏழேழு எழுதினேன், மகாராஜா. நான்கு என்றால் நானான்கு பதினாறு. முறை ஒன்றுதான்!" என்று தடுமாறினார் அவர்.

அடுத்து அரியநாச்சியின் ஓலை. "மன்னர் சொல்லும் எண்ணை இருபத்துநான்கால் பெருக்குக. அதே எண்ணை அதே எண்ணால் பெருக்குக. இரண்டையும் கூட்டுக."

"இதில் விடையே இல்லையே! இருபத்துநான்கும் ஒன்றும் இருபத்தைந்து என்றாவது சுருக்கியிருக்கலாம்" என்று சீறினார் அமைச்சர்.

"சுருக்கினால் நான்கு இருபத்தைந்து, நூறு கல்தான் வரும், ஐயா. பன்னிரண்டு குறையும். மகாராஜா, முதலில் அமைச்சர் சொன்ன பதினாறு கல்லை மூலையில் வைக்கச் சொல்லுங்கள்."

வைத்தார்கள். பெரிய சதுரமும் சின்னச் சதுரமும் ஒரே ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றன. இரண்டு பக்கமும் வெறும் மண்.

"அமைச்சர் கட்டிய மேடையில் பெரிய சதுரத்தில் நீங்களும் சின்னதில் அரசியாரும் உட்கார்ந்தால், கால் பெருவிரலால்தான் குசலம் விசாரிக்க வேண்டும்" என்றாள் அவள்.

மன்னரின் வாயோரம் அசைந்தது. அவள் கல்தச்சர்களுக்குக் கை காட்டினாள். ஒரு பக்கம் நாற்பத்தெட்டு கல், மறு பக்கம் நாற்பத்தெட்டு. மூலையோடு சேர்ந்து நூற்றுப்பன்னிரண்டு. மேடை முழுச் சதுரமானது.

"இந்தப் பட்டைகள் உங்களுடைய பன்னிரண்டும் இல்லை, அரசியாருடைய நான்கும் இல்லை, மகாராஜா. இரண்டும் பெருகி வந்தவை. விட்டுவிட்டால் மேடை நிற்காது."

மன்னர் ஒரு பட்டையின் ஓரமாக மூலைவரை நடந்தார். பிறகு, "பெருவிரலால் குசலமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். அமைச்சரைப் பார்த்து, "பதினாறு கல் உம்முடையது, நீர் அந்த மூலையிலேயே நில்லும்" என்றார். அவளிடம், "இனி உன் இடம் இந்தப் பட்டை. உட்கார், அரியநாச்சி" என்றார்.

உட்கார்ந்தவள் அதே வேகத்தில் துள்ளி எழுந்தாள். "கல் சுடுகிறது, மகாராஜா!"

அந்த ஆண்டில் மன்னர் இரண்டாவது முறையாகச் சிரித்தார்.