பிரிக்காத மெத்தை

சிஸ்டர் எமரன்சியா வீட்டுக்குள் வந்து உட்காரக்கூட இல்லை. ஜெசிந்தா ஒரு மஞ்சள் பையை அவர் முன்னால் கொட்டினாள்.

ஒரு பழைய கவுன். பல் துலக்கும் பிரஷ். எறும்பு மொய்த்த பன் இரண்டு.

"மாரிச்செல்வி கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சிருந்தா சிஸ்டர். தத்தெடுத்து நாலு மாசமாச்சு. இன்னும் செருப்போடதான் தூங்குறா."

ஜெசிந்தாவுக்குப் பள்ளியில் பாடம் எடுத்தவர் சிஸ்டர். மாரிச்செல்வி வளர்ந்த இல்லமும் இப்போது அவர் பொறுப்பில்தான். பதறி நிற்பவர்களிடம் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கேட்டார். குடித்தார்.

"என்ன செஞ்சா அவ என்னை நம்புவா சிஸ்டர்?"

"அவ ரூமைக் காட்டு."

புதுக் கட்டில், புது மெத்தை. சிஸ்டர் உட்கார்ந்ததும் சரசரவென்று சத்தம். கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"அழுக்காயிடக் கூடாதேன்னுதான் சிஸ்டர். எங்க வீட்ல டிவி ரிமோட்டுக்கே கவர் பிரிக்க மாட்டோம்."

"கல்யாண ஆல்பம்?"

"அதுக்கும்தான்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். வாசலில் செருப்புக் காலோடு நின்ற எட்டு வயதுக்காரியை அழைத்தார்.

"ஏட்டி, இதை ஏன் இன்னும் பிரிக்கல? நீ சொல்லு."

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள் மாரிச்செல்வி.

"பிரிச்சிட்டா கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க."

"யாரு சொன்னா?"

"இவங்கதான். வந்த அன்னைக்குப் போன்ல சொன்னாங்க. 'கொஞ்ச நாள் பார்ப்போம், சரிப்படலைன்னா திருப்பிக் கொடுத்திரலாம்'னு."

ஜெசிந்தா போனில் தன் அக்காவிடம் மெத்தையைப் பற்றித்தான் சொல்லியிருந்தாள். மெத்தையைப் பற்றி மட்டும்தானா? அன்றைக்கு இருந்த பயத்தில் அவளுக்கே நிச்சயமில்லை.

சிஸ்டர் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

ஜெசிந்தா உறையை வெட்டினாள். பாதியில் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் கையாலேயே கிழித்தாள். மாரிச்செல்வி கண் இமைக்காமல் பார்த்தாள். செருப்பை மட்டும் கழற்றவில்லை.

ஜெசிந்தா வெளியே கொட்டிக் கிடந்ததையெல்லாம் மஞ்சள் பையோடு அள்ளி வந்தாள்.

"இதையும் தூக்கிப் போட்டிரட்டா சிஸ்டர்?"

சிஸ்டர் அதை வாங்கினார். எறும்பு மொய்த்த பன்களை ஒதுக்கிவிட்டு, கவுனையும் பிரஷ்ஷையும் பைக்குள் வைத்து, இருந்த இடத்திலேயே கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"தினமும் ஒரு புது பன் வாங்கி இதுல வை," என்றார். "எறும்பு வராம பாத்துக்கோ."