தண்டல் கேட்ட கேள்வி

"துடுப்புப் போடுறவனுக்குப் பாவம் உண்டா, அம்மா?"

எல்லப்பன் நின்றபடியே கேட்டான். உட்கார நேரமில்லை. கரையில் படகு காத்திருந்தது.

ஊரே கும்பிடும் துறவி சடைச்சியம்மா, குடிசை வாசலில் கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன் மகள் வயதுதான் இருக்கும். அவனோ படகோட்டிகளுக்குத் தலைவனான தண்டல், யாருக்கும் அடங்காத முரடன். ஆனாலும் இந்த உலகத்தில் ஒருத்தர் பேச்சைக் கேட்பான் என்றால் அது அவள் பேச்சு.

"எதை ஏத்துற?" என்றாள்.

"சரக்கு."

"என்ன சரக்கு?"

அவன் மணலைப் பார்த்தான். "ஆளுங்க."

அந்தக் கரையில் வெள்ளைக்காரர்கள் கோட்டை கட்டிய புதிது; வடக்குக் கரை இன்னும் அவர்கள் கைக்குப் போகவில்லை. மழை பொய்த்து ஊரெல்லாம் பஞ்சம். சோற்றுக்காகத் தங்களையே விற்றுக்கொண்டவர்களையும், விற்கப்பட்ட பிள்ளைகளையும் கோட்டைக்காரர்கள் வாங்கி, எங்கோ ஒரு தீவுக்குக் கப்பலேற்றினார்கள்.

நேற்றே ஏற்றியிருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமையாகிப் போயிற்று. அன்று கோட்டைக்குள் ஒருவரும் சுத்தியலைக்கூடத் தொட மாட்டார்கள். ஜெபத்துக்கு வராத சிப்பாய்க்குச் சாராயம் கிடையாது. கடவுளுக்கு அவ்வளவு பயந்தவர்கள்.

ஆகவே திங்கட்கிழமை.

"முடியாதுன்னு சொன்னா?"

"படகைப் புடுங்கிக்குவாங்க. கம்பத்துல கட்டி அடிப்பாங்க. என் ஆளுங்க வீட்டுல அடுப்பு எரியாது."

"அப்பப் போ. இங்க எதுக்கு வந்த?"

"ஏறுற ஆளுங்க பேரைக் கேக்க வேணாம்ங்கிறாரு, கோட்டைத் துபாஷி."

கல் பொறுக்கிய விரல்கள் நின்றன.

அது அந்தக் கரையின் வழக்கம். படகில் ஏறிய ஒவ்வொருவர் பெயரையும் தண்டல் கேட்டு, பெரிய அலைக்கு முன்னால் கடலுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த உயிர் அவன் பொறுப்பு. போய்ச் சேர்ந்ததும் "சேர்ந்தியா?" என்று கேட்பான். அவர்கள் தங்கள் வாயால் "சேர்ந்தேன்" என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு விடுதலை. வெள்ளைக்காரத் துரைகள்கூட நாக்குப் புரளாமல் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

மூட்டைகளுக்கு இதெல்லாம் கிடையாது.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

சடைச்சியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். அவனைத் தாண்டிக் கரையை நோக்கி நடந்தாள்.

படகில் ஆட்கள் கை கட்டப்பட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏறி, அவர்களிலேயே சின்னவளான ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கரையில் நின்ற துபாஷி முத்தியாலு, துரைகளின் பேச்சைத் தமிழில் சொல்லும் உத்தியோகஸ்தன், விழுந்து விழுந்து சிரித்தான். "தானா வர்றதை எவனாச்சும் வேணாம்பானா? தள்ளுங்கடா படகை!"

"அம்மா, எறங்குங்க," என்றான் எல்லப்பன்.

அவள் வாயைத் திறக்கவில்லை. சரக்கு பேசுமா?

படகு தண்ணீரில் இறங்கியது.

முதல் அலை தூக்கிப் போட்டது. இரண்டாவது அலை முகத்தில் அறைந்தது. பெரிய அலை தூரத்தில் எழும்பத் தொடங்கியது.

துடுப்புகள் நின்றன.

"பேரைச் சொல்லு, தண்டலே!" என்று முன்னால் துடுப்புப் போட்டவன் கத்தினான்.

"சரக்குடா! போடுங்க!" என்றான் எல்லப்பன்.

"அம்மாவும் சரக்கா?"

துடுப்பு விழாத படகு பக்கவாட்டில் திரும்பியது. தண்ணீர் உள்ளே புகுந்தது. கட்டிய கைகளோடு அந்தச் சின்னப் பெண் சடைச்சியம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

அலை நெருங்கியது.

எல்லப்பனுக்கு அப்போதுதான் அந்தக் கேவலம் உறைத்தது. எத்தனையோ வருஷம் இவள் காலடியில் விழுந்து எழுந்திருக்கிறான். சடைச்சி என்பது ஊர் வைத்த பெயர். சொந்தப் பெயரை அவனும் கேட்டதில்லை.

"அம்மா, உங்க பேர் என்னம்மா?" அழுகை வந்துவிட்டது அவனுக்கு.

"செங்கமலம்."

அவன் அதைக் கடலைப் பார்த்துக் கத்தினான். துபாஷி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். "அடுத்தது யாரு? சொல்லுங்க! சீக்கிரம்!"

"மாரி."

"வேம்பு."

"சின்னாண்டி."

ஒவ்வொரு பெயரையும் அவன் கத்தக் கத்தத் துடுப்புகள் விழுந்தன. கடைசியில் மடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பூச்சி."

படகு நிமிர்ந்து அலையின் முதுகில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

அங்கே கடல் அமைதியாக இருந்தது. கப்பல் நெருங்கி வந்தது. மேலிருந்து கயிறு ஒன்று படகுக்குள் விழுந்தது. நூலேணி இறங்கியது. எல்லப்பன் கயிற்றைக் கையில் பிடித்தான். கட்ட வேண்டியதுதான் பாக்கி.

கட்டவில்லை. அவளைப் பார்த்தான்.

"சேர்ந்தீங்களா, அம்மா?"

"என்னைக் கேக்காதே. இவளைக் கேளு."

அவன் கயிற்றோடு அந்தப் பெண்ணின் முன்னால் குந்தினான்.

"சேர்ந்தியா, பூச்சி?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். கறுத்த மரச்சுவர். மேலே எட்டிப் பார்க்கும் சிவந்த முகங்கள். திரும்பிக் கரையைப் பார்த்தாள். பிறகு, இது கேட்க வேண்டிய கேள்வியா என்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"இல்லியே," என்றாள்.

கப்பலில் யாரோ அதட்டினார்கள்.

எல்லப்பன் கயிற்றைக் கடலில் விட்டான்.

"வடக்கே போடுங்கடா," என்றான்.