லேயா இன்னும் வரலையா

"எனக்கு ஒரு ஜெபம் வேணும்க்கா. நல்ல ஜெபமா ஒண்ணு. இப்பவே வேணும்."

கதவைத் தட்டி, "யாரு?" என்ற குரலுக்கு "நான்தான்" என்று சொல்லி, "லேயாவா, வா" என்றதும் உள்ளே வந்தவள், உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கேட்டுவிட்டாள்.

தபித்தாள் தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து ஒரு கொத்தை எடுத்தாள்.

தேரிக்காட்டுச் செம்மண் தொடங்குகிற இடத்தில் தனியாக ஒரு ஓலை வீடு. ஒரே அறை, ஒரே கதவு. தபித்தாள் அங்கேதான் இருந்தாள். முன்னே ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். எத்தனையோ பேருக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றிய கை. லேயாளைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் லேயாள் உட்பட எல்லாருக்கும் அவள் அக்கா.

அவளிடம் போகிறவர்கள் கேள்வியோடு போவார்கள். திரும்பி வருகிறவர்களிடம் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டால், சொல்லத் தெரியாமல் முழிப்பார்கள்.

"யாருக்கு ஜெபம்?" என்றாள் தபித்தாள்.

"எங்க அப்பாவுக்கு."

"ம்."

"இல்லக்கா. எனக்கு. எங்க அப்பா முன்னால சொல்லுததுக்கு."

"உக்காரு."

லேயாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

அவள் அப்பா வேதமாணிக்கம் வாலிபத்திலிருந்தே உப்பளத்தில் கிடந்தவர். வெள்ளை வெயிலும் வெள்ளை உப்பும் சேர்ந்து அவர் கண்ணைக் குடித்துவிட்டன. இப்போது அவருக்குக் காதுதான் கண். உடம்பும் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது; டாக்டர் கையை விரித்துவிட்டார், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் படுக்கையில் இருக்கிறவரின் காலடியில் பிள்ளைகள் ஒவ்வொருவராக உட்கார வேண்டும். காலைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, தனியாக ஜெபிக்க வேண்டும். முடிந்ததும் அவர் அந்தப் பிள்ளையின் தலையில் கையை வைத்து, பேரைச் சொல்லி ஆசீர்வதிப்பார். எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்த பிறகுதான் நிம்மதியாகக் கண்ணை மூடுவார்.

வேதமாணிக்கத்துக்கு மூன்று பெண்கள்.

மூத்தவள் கிறிஸ்டியாள், பள்ளிக்கூட டீச்சர். அவள் ஜெபிக்கத் தொடங்கினால் பெண்கள் ஐக்கியத்தில் விசிறுகிற கைகூட நின்றுவிடும். இளையவள் பியூலாள், பாடகர் குழுவில் முதல் வரிசை. அவள் பாடிக்கொண்டே ஜெபிப்பாள்.

நடுவில் லேயாள். அஞ்சாம் வகுப்போடு உப்புச் சுமக்கப் போனவள். ஒருவர்பின் ஒருவராகச் சொல்கிற சங்கிலி ஜெபத்தில் முறை வந்தால், "ஆமென்" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் இருக்கிறவளை முழங்கையால் இடிப்பாள். அவ்வளவுதான் அவள் ஜெபம்.

"இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல அப்பா எங்களைக் கூப்பிட்டாரு" என்றாள் லேயாள். "பெரியக்கா ஜெபிச்சா. தலையில கையை வச்சு, 'கிறிஸ்டியா'ன்னு சொல்லி ஆசீர்வதிச்சாரு. தங்கச்சி ஜெபிச்சா. அவளுக்கும் குடுத்தாரு. பிறகு நான்."

"நீ என்ன சொன்னே?"

லேயாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பெரியக்கா ஜெபம் எனக்கு மனப்பாடம்க்கா. எத்தனையோ வருசமாக் கேக்கேன்லா. ஒரு நாளைக்கு நாமளும் இப்படிச் சொல்லணும்னு, உப்புப் பெட்டி சுமக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கேன். அவ இன்னைக்கு வேற ஏதோ புதுசாச் சொன்னா. அதனால அந்தப் பழைய ஜெபத்தை நான் சொல்லிட்டேன். அவ குரல் நடுங்குமே, அதே மாதிரி நடுங்கி. ஸ்தோத்திரத்தை அவ இழுப்பாளே, அதே மாதிரி இழுத்து."

"நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சுக்கா. எனக்கே புல்லரிச்சுது. அப்பத்தான்..."

"அப்பத்தான்?"

"'நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஆசீர்வதியும்'னு சொல்லிட்டேன்."

தபித்தாளின் கை நின்றது. உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. அதை அவள் அடக்கிக்கொண்டாள்.

"பின்னால நின்ன சின்னம்மை களுக்குன்னு சிரிச்சுட்டா. பியூலா என் காதுகிட்ட வந்து, 'எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர் நீங்க?'ன்னு கேக்கா. சாகக் கிடக்கிற மனுசன் முன்னாலக்கா!"

"அப்பா சிரிச்சாரா?"

"சிரிச்சிருந்தா நல்லாருக்குமே."

லேயாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"அப்பா கையைத் தூக்கினாரு. என் தலைக்கு நேரா வந்துச்சு. வந்த கையைத் திரும்ப எடுத்துக்கிட்டாரு. 'கிறிஸ்டியா, உனக்குத்தான் குடுத்தாச்சேம்மா, எழுந்திரி, அவளுக்கு இடம் விடு'ன்னாரு. 'லேயா எங்க? லேயா இன்னும் வரலையா?'ன்னு கேக்காரு. நான் அவரு காலைப் பிடிச்சிக்கிட்டுதான்க்கா இருக்கேன்!"

"நான்தான்ப்பான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வாய் வரல. அத்தனை பேரு பாக்காங்க. பெரியக்காதான் சொன்னா, 'அது லேயாதான்ப்பா'ன்னு. அவரு நம்பல. 'எம் மவ குரல் எனக்குத் தெரியாதா? அவளுக்கு ஆள் அனுப்புங்க, எனக்கு நேரமில்லை'ன்னாரு. நான் எழுந்து ஓடி வந்துட்டேன்."

அவள் தபித்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கீரைக்காம்பு இருவர் கைக்கும் நடுவில் நசுங்கியது.

"மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்குக்கா. எனக்காகத்தான் காத்துக் கிடக்காரு. அக்காகிட்ட இல்லாத, தங்கச்சிகிட்ட இல்லாத ஒரு ஜெபமாச் சொல்லிக் குடுங்க. நான் பிடிச்சுக்கிடுவேன். எனக்கு மனப்பாடம் சீக்கிரம் வரும்."

தபித்தாள் கையை விடுவித்துக்கொண்டாள். மடியில் கிடந்த இலையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எழுந்திரி" என்றாள்.

லேயாள் எழுந்தாள்.

"வெளிய போ."

"அக்கா?"

"போ."

லேயாள் வெளியே வந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது.

செம்மண் இன்னும் சுட்டது. வந்த அவசரத்தில் உள்ளேயே கழற்றிப்போட்ட செருப்பு அங்கேயே கிடந்தது. அவள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். பிறகு தட்டினாள்.

"யாரு?"

இது ஏதோ சோதனை என்று லேயாளுக்குப் பட்டது. சரியாகச் சொன்னால் திறப்பாள். அவள் தொண்டையைச் செருமினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கிறிஸ்டியாளின் குரல் தானாக வந்தது.

"கிருபையுள்ள ஆண்டவருடைய நாமத்தினாலே, இந்தக் கதவைத் திறந்தருளும்படி மிகவும் தாழ்மையாய்க் கெஞ்சி நிற்கிறேன்."

உள்ளே கீரை உருவுகிற சத்தம் மட்டும் மறுபடி தொடங்கியது.

கொஞ்சம் கழித்து தபித்தாள் சொன்னாள்.

"கிறிஸ்டியாளை ஆண்டவர் ஏற்கெனவே படைச்சிட்டாரே. ரெண்டாவது ஒண்ணு அவருக்கு எதுக்கு?"

லேயாளுக்கு முகம் சுட்டது. ஒருவேளை தபித்தாள் அக்கா மாதிரிச் சொல்ல வேண்டுமோ? அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல், தபித்தாள் எப்படிப் பேசுவாளோ அப்படி.

"திறங்க. நான் உள்ள வரணும்."

உள்ளே தபித்தாள் சிரித்துவிட்டாள்.

"நான்தான் ஏற்கெனவே உள்ள இருக்கேனே!"

லேயாளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் அவள் யாரிடமும் இப்படிக் கத்தியதில்லை. உப்பள மேஸ்திரியிடம்கூட.

"அங்க எங்க அப்பா உசுரைக் கையில பிடிச்சிக்கிட்டுக் கிடக்காரு! இங்க நீங்க என்னைய வெளிய நிறுத்திக் கதவைச் சாத்தி விளையாடுதீங்க! சொல்லிக் குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லுங்க, போறேன்!"

அந்த நேரம் பார்த்து ஊருக்குள்ளிருந்து கோயில் மணி கேட்டது.

ஒரு அடி.

சாவு மணி என்றால் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நீளமாக இடைவெளி விட்டு அடிப்பார்கள். அடுத்த அடி எப்போது வரும் என்று லேயாள் காதைக் கொடுத்து நின்றாள்.

உடனே வந்தது. அதன்மேல் இன்னொன்று. அவசர அவசரமாக இன்னொன்று.

சாயங்கால ஜெப மணிதான்.

அவள் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். கோபமும் இல்லை. சொல்வதற்குச் சொல்லும் இல்லை. கதவைத் தட்டக்கூட இல்லை, கை தானாக அதில் பட்டது.

"யாரு?"

"யக்கா... நான்தான்."

கதவு திறந்தது.

தபித்தாள் குனிந்து செருப்பை எடுத்து அவள் காலுக்கு முன்னால் போட்டாள்.

"போ."

"ஜெபம்?"

தபித்தாள் திரும்பிப் போய்க் கீரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"கதவைச் சாத்தாமப் போ. காத்து வரட்டும்."

லேயாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். இதற்காகவா இந்த வெயிலில் ஓடி வந்தோம் என்று வழியெல்லாம் நொந்துகொண்டாள். வந்ததும் வெறுங்கை. போவதும் வெறுங்கை.

வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அவளைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். அழுகைச் சத்தம் இல்லை. அப்படியானால் இன்னும் இருக்கிறார்.

உள்ளே கிறிஸ்டியாள் வேகமாக எழுந்து வந்தாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. லேயாளின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"உன்னையேதான் கேட்டுக்கிட்டு இருக்காரு. வந்து உக்காரு. நான் மெதுவா எடுத்துக் குடுக்கேன், நீ பின்னாலயே சொல்லு. என்ன?"

அன்பாகத்தான் சொன்னாள். லேயாள் அவள் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

காலடியில் உட்கார்ந்தாள். காலைப் பிடித்தாள்.

குளிர்ந்துபோயிருந்தது. குதிகாலில் உப்பு அரித்த வெடிப்புகள். அவளுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்றுகூட இல்லை. சின்ன வயதிலிருந்து அதில் எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்தான்.

வாயைத் திறந்தாள். கிறிஸ்டியாளின் சொற்கள் வரிசையாக வந்து நின்றன. பளபளவென்று, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக.

லேயாள் வாயை மூடிக்கொண்டாள்.

கூடத்தில் யாரோ இருமினார்கள். சின்னம்மை பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். இன்றைக்கும் இவள் ஆமென் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள் என்று நினைத்திருப்பாள்.

வேதமாணிக்கத்தின் தலை மெல்ல அசைந்தது.

"யாரு?" என்றார். "யாரு காலைப் பிடிச்சிருக்கது?"

லேயாள் நிமிர்ந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் கதவில் முட்டிய நெற்றி இன்னும் லேசாக வலித்தது.

அவள் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே" என்றாள். "நான்தான்."

குரல் நடுங்கவில்லை. கரகரத்தது. உப்பளத்தில் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கெட்டுப்போன குரல். அதை ஜெபத்தில் யாரும் கேட்டதில்லை.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வரல. அப்பா காலு சில்லுன்னு இருக்கு. தேச்சுப் பாத்துட்டேன், சூடு ஏறமாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு."

அவள் கை தானாகக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இவரை உம்மகிட்டதான் அனுப்புதோம். கண்ணு தெரியாது, வாசல்ல நின்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவணும். கஞ்சியில உப்பு கொறஞ்சா இவருக்குக் கோவம் வரும். கத்துவாரு. பெருசா எடுத்துக்கிடாதேயும். கொஞ்ச நேரத்துல அவரே கூப்பிட்டுப் பேசுவாரு. எனக்கு வேற ஒண்ணும்..."

ஆமென் சொல்ல மறந்துபோனாள்.

காற்றில் ஒரு கை துழாவிக்கொண்டு வந்தது. அவள் தோளில் பட்டது, காதில் பட்டது, தலையைக் கண்டுபிடித்து அங்கேயே தங்கிவிட்டது.

"லேயா" என்றார் அப்பா. "வந்துட்டியாட்டீ. எங்க போயிருந்தே, இம்புட்டு நாளா?"