ஆள்காட்டிக்கு மட்டும் ஓர் ஆணை

பறவைகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஏழு ஏரிப் பறவைகளும் சேர்ந்து ஒரு பொதுச்சபை வைத்திருந்தன. ஏரிக்கு ஏரி தலைவர் உண்டு. ஆனாலும் பொதுக்காரியத்தில் சபை சொல்வதுதான் சட்டம். சபை கட்டளை இட்டால், சொன்ன நொடியே ஏழு ஏரியையும் அது கட்டுப்படுத்தும். நெறி வகுத்தால், என்ன நடக்கவேண்டும் என்று மட்டும் சொல்லும்; எப்படி என்பது அந்தந்த ஏரியின் பாடு. தனியாணை, பெயர் சொல்லப்பட்டவரை மட்டும் கட்டும்.

வேடர் தொல்லை பெருகிய வருஷம், முட்டைகள் வேடர் கண்ணில் படக்கூடாது என்று சபை நெறி வகுத்தது. வேடனைக் கண்டால் எந்தப் பறவையும் சத்தம் போடக்கூடாது என்று கட்டளையும் இட்டது.

கொக்குகளின் ஏரி மர உச்சியைத் தேர்ந்தது. மீன்கொத்திகளின் ஏரி கரையைக் குடைந்தது. ஏழாவது ஏரியோ வற்றிப்போய், மரமும் கரையும் இல்லாமல் கிடந்தது. எல்லாரும் போனபின் அங்கே மிஞ்சியவள் மஞ்சள்காலி என்ற சிறு பறவை ஒருத்திதான். அவள் துணையைப் போன வாரம்தான் வேடன் கொண்டுபோயிருந்தான். முட்டையை எங்கே வைப்பது என்று சபையைக் கேட்டாள். அதை உங்கள் ஏரிதான் முடிவு செய்யவேண்டும் என்று பதில் வந்தது. ஏரி என்றால் அவள்தானே. கல் நிறத்து முட்டைகள் நான்கையும் கற்களுக்கு நடுவே இட்டு, அதையே தன் ஏரியின் சட்டமாக வைத்துக்கொண்டாள்.

ஒரு முற்பகலில் வேடன் அந்தக் கற்களை மிதித்துக்கொண்டே வந்தான். இன்னும் இரண்டு எட்டுதான். கட்டளை அவள் நினைவில் இருந்தது. இருந்தும் கத்தினாள். கத்திக்கொண்டே தாழப் பறந்து, அவனை வேறு பக்கம் இழுத்துப்போனாள்.

சபை கூடியது. கட்டளையை மீறினாள் என்றார்கள் சிலர். அந்தக் குரல் கேட்டுத்தான் நாங்கள் தப்பினோம் என்றார்கள் பக்கத்து ஏரிக்காரர்கள் சிலர். சபைத் தலைவர் கூழைக்கடா தீர்ப்புச் சொன்னார்.

"கட்டளை மாறாது. உனக்கு மட்டும் தனியாணை. ஆளைக் கண்டால் நீ கத்தவேண்டும்."

"யாராவது பதில் குரல் கொடுப்பார்களா, ஐயா?"

"மற்றவர்களைக் கட்டளை கட்டிப்போட்டிருக்கிறதே, அம்மா."

முட்டைகள் ஆறிவிடும் என்று திரும்பிப் பறந்தாள்.

அன்று முதல்தான் அவளுக்கு ஆள்காட்டி என்று பெயர். இன்றைக்கும் பொட்டலில் மனிதத் தலை தெரிந்தால் அவள் எழும்பிக் கத்துகிறாள். மற்றப் பறவைகள் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கின்றன.